புறா பறந்ததால் எடை குறைவு

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

ஐம்பத்துமூன்று வயதில், அரசாங்கப் பதிவேட்டில், நீல மையில், என் கையெழுத்தோடு "புறா பறந்ததால் எடை குறைவு" என்று எழுதியிருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சிரித்து முடித்தாயா? இல்லையென்றால் தாளை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வா.

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. உன் அண்ணி பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே அத்தனையையும் கேட்டுவிடுவாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

நான் வேலை பார்க்கிற பழைய இரும்புப் பாலத்தில் பத்து டன்னுக்கு மேல் ஒரு வண்டியும் ஏறக்கூடாது. அதற்காகத்தான் பாலத்தின் வாசலில் எடைமேடை, அதற்காகத்தான் நான். வண்டி மேடையில் வந்து நிற்கும். என் அறையின் வெளிச்சுவரில் கடிகாரம் மாதிரி பெரிய வட்டம், அதில் முள். நான் வண்டி எண், சீல் எண், முள் காட்டுகிற எடை மூன்றையும் பதிவேட்டில் எழுதுவேன். எடை சரியென்றால் அறைக்குள் போய் நெம்புகோலை இழுத்து எடைச்சீட்டு அச்சடித்துக் கொடுப்பேன். அதிகமென்றால் திருப்பி அனுப்புவேன். பதினோரு வருஷமாக இவ்வளவுதான் என் வித்தை.

போன வாரம் ஒரு மூடிய கண்டெய்னர் வண்டி வந்தது. உள்ளே தீனி மூட்டைகளும் இருநூற்றைம்பது பந்தயப் புறாக்களும். காற்றுக்கு மேலே நாலைந்து கீறல். பின்கதவில் ஈய சீல். பந்தயம் தொடங்கும் இடத்தில் நடுவர்தான் அதை உடைக்கலாமாம். டிரைவருக்கு நாங்கள் வைத்த பேர் மைக்செட். அவன் ரகசியம் சொன்னால் அக்கரைக்குக் கேட்கும். சீல் எண்ணைக் குறித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். 10,070. எழுதினேன்.

"எழுபது கிலோ கூட இருக்கு. திருப்புப்பா."

"சார், சீலை ஒடைச்சா பந்தயத்துல சேக்க மாட்டாங்க. ஒரு மூட்டையக்கூட எறக்க முடியாது. சுத்திப் போனா நாள் முழுக்க ஆகும். ஒரு நிமிஷம் இருங்க." கம்பியை எடுத்தான். "நான் பெட்டியத் தட்டுறேன். புறா எல்லாம் மேல எழும்பும். பறக்கிற புறாவுக்கு ஏது சார் வெயிட்டு?"

யோசித்தேன். ஏது?

தட்டினான். படபடவென்று ஒரு சத்தம், நூறு பேர் ஒரே நேரத்தில் போர்வை உதறுகிற மாதிரி. நான் அறைக்குள் ஓடி நெம்புகோலை இழுத்தேன். சீட்டில் 9,980! பாலத்தில் ஏறவிட்டேன். பதிவேட்டில் எடையை அடித்துத் திருத்தினால் காரணம் எழுத வேண்டும். எழுதினேன். அதைத்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே.

நேற்று பால இன்ஜினியர் பதிவேட்டைப் புரட்டினார். அந்த வரியில் விரல் நின்றது. ஜூன் மாதம் விசாரணை. பத்து டன்னுக்கு மேல் ஏற்றியது உறுதியானால் வேலை போய்விடும். நீதான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவள். பறக்கும் புறாவுக்கு எடை கிடையாது என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்னையே நம்பியிருக்கும்,
அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

சிரித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அவரும் சிரித்தார், அதனால் முதுகுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

நீ கேட்ட நாலு வரியை என்னால் எழுத முடியாது. புறா அந்தரத்தில் சும்மா நிற்பதில்லை அண்ணா. இறக்கையால் காற்றைக் கீழே தள்ளித் தள்ளித்தான் நிற்கிறது. எவ்வளவு எடையோ அவ்வளவு தள்ள வேண்டும். தள்ளப்பட்ட காற்று எங்கே போகும்? பெட்டியின் தரையைத்தான் அழுத்தும். புறா காலால் அழுத்தியதைக் காற்று அதன் சார்பில் அழுத்துகிறது. புறாக்கள் எழும்பும் நொடியில் முள் மேலும் கீழுமாகத் துள்ளலாம், ஆனால் குறைந்து நிற்காது. அந்தக் கீறல்கள் ஏதோ கொஞ்சம் செய்யலாம், தொண்ணூறு கிலோவெல்லாம் செய்யாது.

நம்பிக்கை இல்லையென்றால் அண்ணியின் சமையலறைத் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வை. விரலை உள்ளே விடு. அடியைத் தொடாதே, ஓரத்தைத் தொடாதே. தராசைப் பார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை எங்கள் குளியலறை எடை மெஷினில் எழுபத்திரண்டு காட்டியது, அப்படியே இருக்கிறதா? டாக்டரிடம் போனாயா? அப்பா போனது ஐம்பத்துநாலு வயதில். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
தங்கச்சி

மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் முதுகுக்கு என் வருத்தத்தைச் சொல். என் மானம் போனதில் அவருக்கு இடுப்பும் போகவேண்டாம்.

விரலை விட்டேன். தராசு ஏறியது! எதையும் தொடவில்லை, சத்தியமாக. உன் அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பண்றீங்க?" என்றாள். "விரலை எடை போடுறேன்" என்றேன். முப்பது வருஷக் குடித்தனம். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீரை மட்டும் கொட்டச் சொன்னாள்.

ஆனால் தண்ணீர் வேறு, புறா வேறு. நீ படித்தவள், நான் கணக்குப் போட்டவன். மைக்செட் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனான். ஒரு பந்தயப் புறா முந்நூற்றறுபது கிராமாம். இருநூற்றைம்பதால் பெருக்கிப் பார். தொண்ணூறு! சீட்டில் குறைந்ததும் தொண்ணூறு! இதற்கு உன் பௌதிகம் என்ன சொல்கிறது?

ஆபீசில் என் பழைய பேர் போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் நான் புறா. நேற்று மேஜைமேல் யாரோ ஒரு பிடி தானியம் வைத்திருந்தார்கள். நல்ல தானியம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பாலத்துப் படிக்கட்டில் ஏறும்போது மட்டும் பாலம் லேசாக ஆடுகிறது. பழைய பாலம்தானே.

தொண்ணூறுக்குப் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணா,

இரண்டு தொண்ணூறும் ஒத்துப்போனது உன் கெட்ட நேரம். ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் நீ எப்போதோ யோசித்திருப்பாய்.

உனக்காக ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆய்வகத்தில் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது. ஒரு ஈயைப் பிடித்து ஜாடியில் விட்டு, மூடி போட்டு, தராசில் வைத்தேன். ஈ உட்கார்ந்திருந்தபோது ஒரு எடை. பறந்தபோது எண் கொஞ்சம் தத்தளித்தது, ஆனால் திரும்பத் திரும்ப அதே எடையைச் சுற்றித்தான் வந்தது. மூடியைத் திறந்தேன், ஈ வெளியே போனது. அப்போதுதான் எடை குறைந்தது. எங்கள் துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "ஈ ஓட்டறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உனக்காக இதையும் வாங்கிக்கொண்டேன்.

ஆக, புறாக்கள் நிரபராதிகள். எடை குறைய ஒரே வழி, மேடையிலிருந்து ஏதாவது இறங்கியிருக்க வேண்டும். மைக்செட் எங்கே நின்றான்? கூட யாராவது இருந்தார்களா? அந்த நிமிஷம் யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது.

படிக்கட்டில் ஆடுவது பாலமா, நீயா?

தங்கச்சி

ஏப்ரல் 12

அன்புத் தங்கச்சிக்கு,

ஈயின் சுகத்தை விசாரித்ததாகச் சொல்.

நீ போலீஸ்காரியாகப் போயிருக்க வேண்டியவள். எழுதுகிறேன். மைக்செட் மேடையில் இல்லவே இல்லை. வண்டியை நிறுத்தியதும் இறங்கி, பக்கத்துச் சேற்றில் நின்றான். தட்டும்போதும் சேற்றில்தான். செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டு அதை வேறு இழுத்துக்கொண்டிருந்தான். கூட ஆள் கிடையாது. நாய்கூடக் கிடையாது. மேடையில் வண்டியையும் அதற்குள் இருந்ததையும் தவிர வேறு ஒன்றுமே இல்லை. நான் மட்டும் பின்கதவுப் பக்கம் நின்று சீல் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். நான் கணக்கில் வரமாட்டேன், நான்தானே எடை போடுகிறவன்.

ஆகவே உன் வாதம் விழுந்தது. புறாதான்.

பாலம்தான் ஆடுகிறது.

வெற்றியுடன்,
அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எடை போடுகிறவனுக்கும் எடை உண்டு அண்ணா.

முள்ளைப் பார்த்தபோது நீ மேடைமேல். நெம்புகோலை இழுத்தபோது நீ அறைக்குள். பறந்தது புறா இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. நீ எழுபத்திரண்டு. குறைந்ததோ தொண்ணூறு. மிச்சப் பதினெட்டு கிலோவை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஒன்று செய். பதிவேட்டில் எல்லா வண்டிக்கும் மேடையில் நின்றுதான் எழுதுவாய், இல்லையா? அச்சடித்த சீட்டுகளின் அடிக்கட்டைகளும் உன்னிடம்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். என்ன வந்தாலும் எழுது.

தங்கச்சி

மே 14

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் கடிதம் இல்லை. பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ இல்லை. அண்ணி, "நல்லாத்தான் இருக்கார். என்னமோ சாப்பாட்டுல ரெண்டாவது தடவை கேக்கறதில்ல, அதான் பயமா இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பயப்படாதே.

சும்மா ஒரு வீட்டுச் செய்தி எழுதுகிறேன். நீ வந்துபோன நாளிலிருந்து எங்கள் குளியலறையில் கை கழுவும் தொட்டி சுவரைவிட்டுக் கொஞ்சம் தளர்ந்து நிற்கிறது. யாரோ பலமாக ஊன்றினார்கள் போல என்று பிளம்பர் சொன்னார். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

விசாரணைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. எழுது அண்ணா. எதுவானாலும் பரவாயில்லை.

தங்கச்சி

மே 23

அன்புத் தங்கச்சிக்கு,

தொட்டியைச் சரிசெய்ய வேண்டியவன் நான்தான். மெஷினில் ஏறினபோது உள்ளங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டேன். நீ வாசலில் நின்று, "எவ்ளோண்ணா?" என்றாய். எழுபத்திரண்டு வரும்வரை அழுத்தினேன். பாத்திரத்தில் விரலை விட்ட அன்றைக்கே, நானும் எடையில் சேருகிறேனோ என்று லேசாக உறைத்தது. அதை ஒதுக்கிவிட்டேன்.

பதிவேடுகளை எடுத்தேன். பதினோரு வால்யூம். அடிக்கட்டைகள் நாலு தகர டப்பா. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இதுவரை யாருக்கும் தலையெழுத்து இல்லை. வேலையில் சேர்ந்த வருஷம் எல்லா வண்டியிலும் வித்தியாசம் அறுபத்தெட்டு. நாலு வருஷம் கழித்து எழுபத்துநாலு. அப்புறம் எண்பத்திரண்டு. இப்போது தொண்ணூறு. டைபாய்டு வந்து எழுந்த மாதம் மட்டும் இறங்குகிறது. உன் அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போய், நான் ஓட்டலில் சாப்பிட்ட மாதம் நாலு கிலோ ஏறுகிறது. ஊரில் எவனுக்கும் இப்படி ஒரு சரித்திரம் கிடையாது. என் தொப்பை மட்டும் அரசாங்க முத்திரையோடு இருக்கிறது.

பதினோரு வருஷமாக ஒவ்வொரு வண்டியையும் என்னையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். நான் திருப்பி அனுப்பியவர்களில் எத்தனை பேர் என்னால்தான் திரும்பினார்களோ.

இப்போது சிக்கலைப் பார். உண்மையைச் சொன்னால் வேலை பிழைக்கும். அன்றைக்கு வண்டி வெறும் 9,980தான், பாலத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் சொன்னால் தொண்ணூறு என்று ஊரே பேசும். உன் அண்ணிக்குத் தெரியும். அவள் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். ஆபீசில் சிரிப்பதுகூடப் பரவாயில்லை. டாக்டர் சிரிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? படிக்கட்டில் பாலம் ஆடவில்லை தங்கச்சி. ஏழாவது படியில் நான் நின்றுவிடுகிறேன். அப்பாவும் அப்படித்தான் நிற்பார்.

அண்ணன்

ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

தொட்டி போகட்டும், அதற்கு ஒரு திருகாணி போதும்.

நீ கேட்ட கடிதத்தை இப்போது எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மூடிய பெட்டிக்குள் பறந்தாலும் உட்கார்ந்தாலும் எடை ஒன்றே என்று அதில் இருக்கிறது. மீதியை நீதான் மேடையில் ஏறிக் காட்ட வேண்டும். கையை எதிலும் ஊன்றாமல்.

உன் மானம் எங்கள் குளியலறையிலேயே போய்விட்டது. வேலையையாவது காப்பாற்று. பயத்தை அண்ணியிடம் கொடு, அவள் பார்த்துக்கொள்வாள்.

தங்கச்சி

ஜூன் 18

அன்புத் தங்கச்சிக்கு,

வேலை இருக்கிறது! முதலில் அதைப் பிடித்துக்கொள். நலம் விசாரிப்பு கீழே வருகிறது.

இன்ஜினியர் உன் கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பக் கடிதத்தைப் பார்த்தார். "அப்போ அந்தத் தொண்ணூறு கிலோ யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"நீங்களா? பாத்தா தெரியலையே." நல்ல மனிதர்.

காலி மேடையில் ஏறச் சொன்னார். அந்த நேரம் பார்த்து நாலு லாரி வரிசையில் நிற்கிறது. டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். ஏறினேன். முள் மெதுவாக நகர்ந்தது. எண்பதைத் தாண்டும்போது எவனோ விசில் அடித்தான். எண்பத்தெட்டில் வந்து நின்றது. எனக்குப் பகீரென்றது. சோற்றைக் குறைத்ததில் இரண்டு கிலோ போய்விட்டதே, அந்த இரண்டு கிலோவால் வேலையும் போகுமோ என்று.

"எண்பத்தெட்டுதானே இருக்கு?" என்றார்.

"பயத்துல எளைச்சிட்டேன் சார்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்தப் பதிவேட்டையும் கையில குடுங்க சார். அன்னிக்கு அதோடதானே நின்னிருப்பார்?" உன் அண்ணி! டிபன் கேரியரோடு வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பதிவேட்டைக் கொடுத்தார்கள். தோல் அட்டை போட்ட தடிப் புத்தகம், இரண்டு கிலோ. முள் தொண்ணூறைத் தொட்டது. லாரிக்காரர்கள் கைதட்டினார்கள்.

இன்ஜினியர் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருஷத்துல இந்தப் பாலத்துல ஒரு கிலோகூட அதிகமாப் போகலைங்க. போக வேண்டியதுகூடப் போகலை" என்றார். எச்சரிக்கை மட்டும். மேடையைச் சுற்றி மஞ்சள் கோடு போடச் சொன்னார். வண்டி நிற்கும்போது யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது.

உன் அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உங்க பேன்ட்டுக்கு யாரு ஹூக்கு மாத்தித் தைக்கிறா? வருஷத்துக்கு ஒருதரம் நகத்தி வைக்கிறேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் கேரியரைத் திறந்தாள். நாலு அடுக்கில் மூன்று காலி.

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். மாப்பிள்ளை இதைப் படித்துச் சிரிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல். தொட்டியைப் பிடிக்க வேண்டாம்.

லேசான மனதுடன்,
அண்ணன்

ஜூன் 27

அன்புள்ள அண்ணா,

கடிதத்தைப் படித்து நான் அழுதுவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுது. இந்தத் தடவை அண்ணியிடமும் தனியாகக் கேட்பேன்.

தங்கச்சி

ஜூலை 16

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணியிடம் கேட்டுக்கொள், நான் பயப்படவில்லை. மார்பில் ஒயரெல்லாம் ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, ரத்தமும் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறதாம். டாக்டர் சிரித்தார்! "மூச்சு வாங்கறது ஹார்ட்டால இல்ல, சுமையால. இருபது கிலோ மூட்டையைத் தூக்கிட்டுப் படி ஏறினா யாருக்கும் வாங்கும்" என்றார். அப்பாவுக்கு இருந்தது எனக்கு இல்லை. அந்த வரியை நானும் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

இப்போது எண்பத்துநாலு. பத்தாவது படியில் நிற்கிறேன். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று முள்ளைப் பார்க்கக் கண்ணாடி மாற்றினேன். உன் கடிதத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறேன். பறக்கும் புறாக்களைப் பற்றி வருகிற டிரைவருக்கெல்லாம் விளக்குகிறேன். முடிக்கிறவரை எவனுக்கும் சீட்டுக் கிடையாது.

மாப்பிள்ளைக்கும் அந்த ஈக்கும் என் அன்பு.

அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது மைக்செட் வந்தான், பந்தய சீசன் முடிந்து இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறான். சட்டத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். "எல்லாம் சரி சார். ஆனா அங்க சீலை ஒடச்சப்பதான் நானே பாத்தேன். ஒண்ணொண்ணையும் ஒரு கூடையில போட்டு, கூடை மேல கூடையா கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. எறக்கைய விரிக்கக்கூட எடமில்ல. ஒண்ணுகூடப் பறந்திருக்காது" என்றான். "அப்போ அந்தப் படபடச் சத்தம்?" என்று கேட்டேன். "மேல மடிச்சு வச்சிருந்த தார்ப்பாய் சார். கயிறு அவுந்திருந்துச்சு."